செயல்திறன் அடிப்படையிலான போக்குவரத்துத் திட்டமிடல்: எதை அளக்கிறோம், பணம் எங்கே போகிறது?

கேள்வி இதுதான்: “அமெரிக்காவில் நெடுஞ்சாலைகளுக்கும் பொதுப் போக்குவரத்துக்கும் செயல்திறன் அடிப்படையிலான திட்டமிடல் சட்டப்படி கட்டாயம் என்கிறார்கள். பழைய முறையிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது? பஸ்ஸையும் நெடுஞ்சாலையையும் ஒரே தராசில் நிறுக்க முடியுமா? அல்லது இதுவும் அறிக்கை எழுதும் வேலை மட்டும்தானா?”

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். எதைக் கட்டலாம் என்று தொடங்காமல், மக்களுக்கு என்ன கிடைக்க வேண்டும் என்று தொடங்குவதுதான் இந்த முறை. முதலில் குறிக்கோளை வகுக்க வேண்டும். அதை அளக்க ஓர் அளவுகோலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எட்ட வேண்டிய இலக்கை எண்ணாக அறிவிக்க வேண்டும். அந்த இலக்கை நோக்கி நகர்த்தும் வேலைகளுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். பிறகு விளைவைப் பார்த்து அடுத்த முடிவை எடுக்க வேண்டும். இதில் பெரும்பாலும் விட்டுப்போவது பணம் ஒதுக்கும் கட்டம். அது விட்டுப்போனால் மிஞ்சுவது அறிக்கைதான். அதற்கு அடுத்தபடியாகச் சிக்கல் கொடுப்பது அளவுகோல். எந்த அளவுகோலைத் தேர்ந்தெடுத்தோம் என்பதிலேயே பாதி முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது என்பது என் திடமான கருத்து. அதனால் அந்த இரண்டைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

பழைய முறையில் பணம் பெரும்பாலும் சூத்திரப்படியும் வழக்கப்படியும் பிரிந்தது. எவ்வளவு செலவழித்தோம், எத்தனை மைல் சாலை போட்டோம், எத்தனை பஸ் வாங்கினோம் என்பவையே சாதனைக் கணக்காக இருந்தன. சாலை போட்ட பிறகு விபத்து குறைந்ததா, பஸ் வாங்கிய பிறகு காத்திருக்கும் நேரம் குறைந்ததா என்று திரும்பிப் பார்க்கும் கட்டாயம் யாருக்கும் இல்லை. இதை மாற்றும் முயற்சி திடீரென வந்ததல்ல. ‘ஐஸ்டீ’ என்று அழைக்கப்படும் 1991ஆம் ஆண்டுச் சட்டம், சாலை மேற்பரப்பு, பாலம், பாதுகாப்பு, நெரிசல், பொதுப் போக்குவரத்து, பல்வகைப் போக்குவரத்து இணைப்பு ஆகிய ஆறுக்கும் தனித்தனி மேலாண்மை அமைப்புகளை மாநிலங்கள் உருவாக்க வேண்டும் என்றது. மாநிலங்கள் இதைப் பெரும் சுமையாகக் கருதின. 1995இல் இன்னொரு சட்டம் வந்து, பெரிய நகரங்களின் நெரிசல் மேலாண்மையைத் தவிர மற்றவற்றை விருப்பத்துக்கு விட்டுவிட்டது. தரவு திரட்டும் பழக்கம் சில மாநிலங்களில் நிலைத்தது, பலவற்றில் தேங்கியது.

உண்மையான திருப்பம் 2012 ஜூலையில் கையெழுத்தான ‘மேப்-21’ சட்டம். அது ஏழு தேசியக் குறிக்கோள்களை வகுத்தது: பாதுகாப்பு, கட்டமைப்பின் நிலை, நெரிசல் குறைப்பு, நம்பகத்தன்மை, சரக்குப் போக்குவரத்தும் பொருளாதாரமும், சுற்றுச்சூழல், திட்டங்களை முடிப்பதில் ஏற்படும் தாமதத்தைக் குறைத்தல். அவற்றுக்கான அளவுகோல்களைக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகமும் கூட்டாட்சிப் பொதுப் போக்குவரத்து நிர்வாகமும் விதிகளாக எழுதின. இலக்கு நிர்ணயிக்கும் பொறுப்பு மாநிலங்களிடமும், 50,000 பேருக்கு மேல் வாழும் நகர்ப்பகுதிகளில் இருக்கும் பெருநகரத் திட்டமிடல் அமைப்புகளிடமும், பொதுப் போக்குவரத்து நிறுவனங்களிடமும் விடப்பட்டது. 2015இலும் 2021இலும் வந்த சட்டங்கள் இந்த ஏற்பாட்டைத் தொடர்ந்தன. ஒரு பெருநகர அமைப்பு குறைந்தது 20 ஆண்டுகளை நோக்கிய நீண்டகாலத் திட்டமும், நான்கு ஆண்டுகளுக்கான செலவுத் திட்டமும் வைத்திருக்க வேண்டும். இலக்குகள் இவ்விரண்டிலும் இடம்பெற வேண்டும் என்பதுதான் மேப்-21 கொண்டுவந்த பெரிய மாற்றம்.

இந்த அளவுகோல்களைக் கிட்டத்தில் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

சாலை மேற்பரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சாலை பத்தில் ஒரு மைல் நீளத் துண்டுகளாகப் பிரித்து மதிப்பிடப்படுகிறது. தார்ச் சாலையென்றால் குலுக்கல், வெடிப்பு, சக்கரத்தடப் பள்ளம் ஆகிய மூன்றும் பார்க்கப்படும். குலுக்கல் அளவு, அதாவது ஒரு மைல் ஓடும்போது வாகனம் மேலும் கீழும் அசையும் தூரத்தின் கூட்டுத்தொகை, 95 அங்குலத்துக்குக் கீழ் இருந்தால் நல்லது, 170க்கு மேல் போனால் மோசம். மூன்றும் நன்றாக இருந்தால்தான் அந்தத் துண்டு ‘நல்ல நிலை’. இரண்டு மோசமானால் அது ‘மோசமான நிலை’. மாநிலங்களை இணைக்கும் ‘இன்டர்ஸ்டேட்’ நெடுஞ்சாலைகளில் மோசமான பகுதி 5 சதவீதத்தைத் தாண்டினால், அந்த மாநிலம் தனக்கு வரும் கூட்டாட்சிப் பணத்தில் ஒரு பகுதியை அந்தச் சாலைகளுக்கென்றே ஒதுக்கியாக வேண்டும். அலாஸ்காவுக்கு மட்டும் இந்த வரம்பு 10 சதவீதம். அங்கே உறைநிலத்தின் மேல் போடப்படும் சாலை, நிலம் இளகும்போது தானாகவே வளைந்து நெளிந்துவிடுகிறது. உள்ளூர் நிலையை மதித்து எழுதப்பட்ட விதிக்கு இது நல்ல சான்று.

இந்த 5 சதவீத வரம்பு நல்ல எண்ணத்தில் வைக்கப்பட்டதுதான். ஆனால் சாலைப் பொறியாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் ஒன்றை அது ஓரளவு மறக்கடிக்கிறது. சாலை நல்ல நிலையில் இருக்கும்போதே வெடிப்பை அடைத்து, மெல்லிய மேற்பூச்சு கொடுத்துவந்தால் ஆகும் செலவு குறைவு. முழுதும் கெட்ட பிறகு தோண்டி எடுத்துப் புதிதாகப் போட்டால் செலவு பல மடங்கு. இருப்பதிலேயே மோசமான சாலையை முதலில் எடுப்போம் என்ற கொள்கை மக்களுக்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் அதே பணத்தில் காப்பாற்றியிருக்கக்கூடிய நல்ல சாலைகள் அதற்குள் மோசமாகிவிடும். ‘மோசம்’ என்ற ஒரே எண்ணைத் துரத்தும் மாநிலம் இந்தப் பொறியில் எளிதில் விழும். நல்ல நிலையின் சதவீதத்தையும் சேர்த்துக் கேட்பதும், ஒவ்வொரு மாநிலமும் வாழ்நாள் செலவைக் கணக்கிட்டுச் சொத்து மேலாண்மைத் திட்டம் எழுத வேண்டும் என்று சட்டம் சொல்வதும் அதற்காகத்தான். என்னைக் கேட்டால், மேப்-21 கொண்டுவந்தவற்றிலேயே அதிகப் பயன் தந்தது இந்தச் சொத்து மேலாண்மைத் திட்டம்தான். அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

பாலங்களுக்கு 0 முதல் 9 வரை மதிப்பெண் உண்டு. மேல்தளம், மேற்கட்டுமானம், கீழ்க்கட்டுமானம் ஆகிய மூன்றில் எது குறைவோ அதுவே பாலத்தின் மதிப்பெண். 7க்கு மேல் நல்லது, 4க்குக் கீழ் மோசம், அந்த இரண்டு எண்களும் அதனதன் பக்கமே சேரும். இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். 2007 ஆகஸ்ட் 1 அன்று மினியாபொலிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின் மேல் சென்ற ஐ-35டபிள்யூ பாலம் இடிந்து 13 பேர் இறந்தார்கள். அந்தப் பாலம் ஏற்கெனவே குறைபாடுள்ளதாக வகைப்படுத்தப்பட்டிருந்தது. ஆனால் விசாரணையில் தெரியவந்த காரணம், உத்திரங்களை இணைக்கும் இரும்புத் தகடுகள் தொடக்க வடிவமைப்பிலேயே போதிய தடிமன் இல்லாமல் இருந்தது. துரு, வெடிப்பு ஆகியவற்றைப் பார்த்துக் கொடுக்கப்படும் மதிப்பெண் அந்தப் பிழையைப் பார்ப்பதற்காக உருவானதல்ல. அளவுகோல் தனக்குக் கேட்கப்பட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும்.

பாதுகாப்புக்கு வருவோம். உயிரிழப்புகளின் எண்ணிக்கை, பத்துக் கோடி வாகன மைலுக்கு (எல்லா வாகனங்களும் ஓடிய மைல்களின் கூட்டுத்தொகை) எத்தனை உயிரிழப்பு என்ற விகிதம், கடுங்காயங்களின் எண்ணிக்கை, அவற்றின் விகிதம், நடப்பவர்களும் சைக்கிளில் செல்பவர்களும் அடைந்த உயிரிழப்பும் கடுங்காயமும் என்று ஐந்து அளவுகோல்கள். எல்லாம் ஐந்தாண்டுச் சராசரியில். சிறிய மாநிலத்தில் ஓராண்டு எண்ணிக்கை தற்செயலாக ஏறி இறங்கும் என்பதால் இந்தச் சராசரி அவசியம். ஐந்தில் நான்கில் இலக்கை எட்டவோ, பழைய நிலையைவிட மேம்படவோ வேண்டும். இல்லையென்றால் பாதுகாப்புக்கென வந்த பணத்தை வேறு திட்டங்களுக்கு மாற்ற முடியாது, எப்படிச் சரிசெய்வோம் என்று தனித் திட்டமும் எழுதித் தர வேண்டும்.

ஒரு சிக்கலை இந்த விதி எதிர்பார்க்கவில்லை. இலக்கை மாநிலமே வைத்துக்கொள்ளலாம் என்றதும், சில மாநிலங்கள் இப்போதிருப்பதைவிட அதிகமான உயிரிழப்பை இலக்காக அறிவித்தன. ‘போக்கு மேல்நோக்கி இருக்கிறது, அதனால் நடைமுறைக்கு ஒத்த எண்ணை வைக்கிறோம்’ என்பது அவர்கள் தந்த விளக்கம். புள்ளியியலாக அது சரி. ஆனால் முன்கணிப்பு வேறு, இலக்கு வேறு. இவ்வளவு பேர் இறப்பார்கள் என்று கணிப்பது ஆய்வாளரின் வேலை. அந்த எண்ணை மாற்ற என்ன செய்யப் போகிறோம் என்று சொல்வது திட்டமிடுபவரின் வேலை. 2021இல் நாடு முழுவதும் சாலைகளில் 42,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே ஆண்டு வந்த உள்கட்டமைப்புச் சட்டம், மாநில நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் திட்டங்களில் வைக்கும் இலக்குகள் குறைந்தது இருக்கும் நிலையிலாவது நிற்க வேண்டும், பின்னோக்கிப் போகக் கூடாது என்று கட்டளையிட்டது. இந்தத் திருத்தம் வராமல் இருந்திருந்தால் பாதுகாப்பு இலக்கு என்பதே பொருளற்றுப் போயிருக்கும்.

அடுத்தது நம்பகத்தன்மை. படித்துக்கொண்டிருப்பவர்கள் இதில் தனிக் கவனம் செலுத்துங்கள், அளவுகோல் எப்படி முடிவைத் திருப்பும் என்பது இங்கே பளிச்சென்று தெரியும். ஒரு சாலைத் துண்டைக் கடக்க வழக்கமாக ஆகும் நடுத்தர நேரத்தையும், நூற்றுக்கு எண்பது முறை எவ்வளவு நேரத்துக்குள் கடந்துவிடலாம் என்பதையும் எடுத்துக்கொண்டு, இரண்டாவதை முதலாவதால் வகுக்கிறார்கள். வாரநாட்களில் காலை, நண்பகல், மாலை, வார இறுதிப் பகல் என்ற நான்கு காலப்பகுதிகளிலும் விடை 1.5க்குக் கீழ் இருந்தால் அந்தத் துண்டு நம்பகமானது.

இரண்டு சாலைகளை வைத்துப் பார்ப்போம். முதல் சாலையைக் கடக்க வழக்கமாக 10 நிமிடம், நூற்றுக்கு எண்பது முறை 16 நிமிடத்துக்குள். விகிதம் 1.6. நம்பகமற்றது. இரண்டாவது சாலை வெறிச்சோடிக் கிடந்தால் 12 நிமிடத்தில் கடக்கலாம், ஆனால் காலை நேரத்தில் வழக்கமாகவே 30 நிமிடம், நூற்றுக்கு எண்பது முறை 36 நிமிடத்துக்குள். விகிதம் 1.2. மற்ற காலப்பகுதிகளிலும் இப்படியே இருந்தால் இது நம்பகமானது. தினமும் ஒரேமாதிரி நெரிசலில் திணறும் சாலை தேர்ச்சி பெறுகிறது, நெரிசலே குறைவான சாலை தோற்றுப்போகிறது. இதில் கணக்குத் தவறு எதுவும் இல்லை. நம்பகத்தன்மை என்பது எதிர்பார்த்த நேரத்தில் போய்ச் சேர்வது, வேகமாகப் போய்ச் சேர்வது அல்ல. நேரத்தைத் திட்டமிட்டுக் கிளம்புபவருக்கு அது உண்மையிலேயே முக்கியம். ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்து ‘நெரிசல் தீர்ந்தது’ என்று அறிவித்தால் அது பொய். அதனால்தான் பெரிய நகர்ப்பகுதிகளுக்கு, உச்ச நேரத்தில் ஒருவர் ஆண்டுக்கு எத்தனை மணிநேரம் மிகைத் தாமதத்தில் இழக்கிறார் என்ற இன்னோர் அளவுகோலும், தனியாளாகக் கார் ஓட்டாமல் வேறு வகையில் பயணிப்போர் எத்தனை சதவீதம் என்ற அளவுகோலும் சேர்க்கப்பட்டன.

1.5 என்ற கோடு இன்னொரு வேலையும் செய்கிறது. 1.55இல் இருக்கும் துண்டைச் சிறு செலவில் 1.45க்குக் கொண்டுவந்தால் அறிக்கையில் எண் உயரும். 2.5இல் இருக்கும் துண்டை 1.8க்கு இறக்கினால், அங்கே போகும் மக்களுக்குக் கிடைக்கும் நன்மை மிகப் பெரியது, ஆனால் அறிக்கையில் எதுவும் நகராது. கோட்டின் ஓரத்தில் இருப்பவற்றைத் தூக்கிவிட்டு, ஆழத்தில் இருப்பவற்றைக் கைவிடும் ஆசை எந்த நிர்வாகத்துக்கும் வரும். 1975இல் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் பணக்கொள்கை பற்றிச் சொன்னது இங்கே அப்படியே பொருந்தும்: ஒரு புள்ளிவிவரத்தைக் கட்டுப்பாட்டுக் கருவியாக்கி அழுத்தம் கொடுத்தால், அதுவரை அதில் இருந்த ஒழுங்கு குலைந்துவிடும்.

பொதுப் போக்குவரத்துக்கு இப்போது வருகிறேன். கூட்டாட்சி விதிகள் இங்கே பெரும்பாலும் சொத்தின் நிலையையும் பாதுகாப்பையும்தான் கேட்கின்றன. 2016இல் வந்த சொத்து மேலாண்மை விதி, பயனுள்ள ஆயுளைக் கடந்துவிட்ட வாகனங்கள் எத்தனை சதவீதம் என்று கேட்கிறது. பஸ்ஸுக்குப் பொது வரையறை 14 ஆண்டுகள், நிறுவனம் தன் ஓட்டத்துக்கும் தட்பவெப்பத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். நிலையங்களும் பணிமனைகளும் 1 முதல் 5 வரையான மதிப்பெண்ணில் 3க்குக் கீழ் எத்தனை, ரயில் பாதையில் எத்தனை சதவீதம் வேகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பன மற்றவை. கடைசியில் சொன்னது எனக்கு மிகவும் பிடித்த அளவுகோல். பழுதான தண்டவாளத்தில் ரயில் மெதுவாகப் போகிறது என்பது பொறியாளருக்கும் தெரியும், உள்ளே நிற்கும் பயணிக்கும் தெரியும். இருவரும் ஒரே எண்ணைப் பார்த்துப் பேச முடிகிறது. 2018இன் பாதுகாப்புத் திட்ட விதி, உயிரிழப்பு, காயம், விபத்து நிகழ்வுகள் ஆகியவற்றோடு, பெரிய இயந்திரக் கோளாறு இல்லாமல் வாகனங்கள் எவ்வளவு தூரம் ஓடுகின்றன என்பதையும் கேட்கிறது.

ஆனால் பயணி எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதைச் சட்டம் கேட்கவில்லை. அது நிறுவனத்தின் கையில் இருக்கிறது. பெரும்பாலான நிறுவனங்கள் ‘நேரம் தவறாமை’ என்ற எண்ணை வெளியிடுகின்றன. அட்டவணை நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னிருந்து ஐந்து நிமிடம் பின்வரை வந்தால் பஸ் நேரத்துக்கு வந்ததாகக் கணக்கு என்பது பரவலான வழக்கம். அரைமணிக்கு ஒரு பஸ் ஓடும் தடத்தில் இது நல்ல அளவுகோல். அடிக்கடி பஸ் ஓடும் தடத்தில் இது ஏமாற்றும்.

பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று வைத்துக்கொள்வோம். பயணிகள் அட்டவணை பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருகிறார்கள், ஆகவே சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பார்கள். இப்போது ஒன்றுவிட்டு ஒரு பஸ் 5 நிமிடம் தாமதமாக வருகிறது. இடைவெளிகள் 15, 5, 15, 5 என்று ஆகின்றன. எந்தப் பஸ்ஸும் ஐந்து நிமிட எல்லையைத் தாண்டவில்லை, ஆகவே நேரம் தவறாமை 100 சதவீதம். ஆனால் நான்கில் மூன்று பயணிகள் 15 நிமிட இடைவெளிக்குள்தான் நிறுத்தத்துக்கு வருகிறார்கள், அவர்களுக்குச் சராசரிக் காத்திருப்பு 7.5 நிமிடம். மீதிப் பேருக்கு 2.5 நிமிடம். மொத்தச் சராசரி 6.25 நிமிடம். மேலும், ஒரு பஸ்ஸில் மூன்று பங்கு கூட்டம், பின்னால் வருவதில் ஒரு பங்கு. இனி இதற்கு எதிர்மாறாகப் பாருங்கள்: எல்லாப் பஸ்களும் ஒரேமாதிரி 8 நிமிடம் தாமதம். இடைவெளி 10 நிமிடமாகவே இருக்கிறது, காத்திருப்பு 5 நிமிடம்தான், பயணிக்கு எதுவும் தெரியவே தெரியாது. அறிக்கையிலோ நேரம் தவறாமை பூஜ்யம்! இந்தக் காரணத்தால்தான் லண்டனில் மணிக்கு ஐந்தோ அதற்கு மேலோ பஸ் ஓடும் தடங்களை, அட்டவணைப்படி இருந்திருக்க வேண்டியதைவிடக் கூடுதலாக எவ்வளவு நேரம் பயணிகள் காத்திருந்தார்கள் என்ற எண்ணைக் கொண்டு மதிப்பிடுகிறார்கள். ஒப்பந்த நிறுவனங்களுக்கான ஊக்கத்தொகையும் பிடித்தமும் அதையொட்டியே அமைகின்றன. அதன்பிறகு கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் அட்டவணையைத் துரத்துவதை விட்டு, பஸ்களுக்கு இடையிலான இடைவெளியைச் சீராக்கத் தொடங்குவார். ஓர் அளவுகோலை மாற்றினால் ஊழியரின் அன்றாட வேலையே மாறுகிறது.

நேரம் தவறாமையை ஏய்க்கும் வழிகளும் உண்டு. ரத்தான பஸ் தாமதக் கணக்கில் வராமல் போகலாம். அட்டவணையில் தாராளமாக நேரம் சேர்த்துவிட்டால் எல்லாம் நேரத்துக்கு வரும், பயணம் மட்டும் நீளும். எனவே ஓடாத பஸ்களின் எண்ணிக்கையும், முனையிலிருந்து முனைக்கு ஆகும் நேரமும் அதே பக்கத்தில் அச்சாக வேண்டும்.

அளவுகோலுக்கு முன்பே தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்றும் பொதுப் போக்குவரத்தில் இருக்கிறது: அதிகம் பேரை ஏற்றுவதா, அதிகமான இடங்களுக்குப் போவதா? இரண்டும் நல்லவை, ஆனால் ஒரே பஸ்ஸை இரண்டு இடத்தில் ஓட்ட முடியாது. ஒரு பயணிக்கு ஆகும் செலவு என்ற ஒரே எண்ணால் எல்லாத் தடங்களையும் அளந்தால், புறநகரின் ஒதுக்குப்புறத்தில் வாழும் முதியவருக்காக ஓடும் தடம் எப்போதும் தோற்கும். அது தோற்பதற்காக உருவானதல்ல, வேறு நோக்கத்துக்காக உருவானது. ஹூஸ்டன் நகரின் போக்குவரத்து நிறுவனம் 2015 ஆகஸ்டில் தன் பஸ் வலையமைப்பை ஒரே நாளில் மாற்றியமைத்தது. அதற்கு முன்பு நிர்வாகக் குழு ஒன்றை வெளிப்படையாகத் தீர்மானித்தது: 80 சதவீதச் சேவை அதிகப் பயணிகளை ஈர்ப்பதற்கு, 20 சதவீதம் எல்லாப் பகுதிகளையும் தொடுவதற்கு. பிறகு ஒவ்வொரு தடத்தையும் அதன் நோக்கத்துக்கேற்ப மதிப்பிட முடிந்தது. 80:20 சரியான விகிதமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் தேர்வை மேசைமேல் வைத்து வாக்கெடுத்து எடுத்ததை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பஸ்ஸையும் நெடுஞ்சாலையையும் ஒரே தராசில் நிறுக்கலாம். ஆனால் படிக்கல் வாகனமாக இருக்கக் கூடாது, மனிதராக இருக்க வேண்டும். ஒரு சந்திப்பை ஒரு மணிநேரத்தில் 900 கார்களும் 20 பஸ்களும் கடக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். காருக்குச் சராசரி 1.2 பேர், பஸ்ஸுக்கு 45 பேர். வாகனங்களை எண்ணினால் பஸ் 2 சதவீதம், யாரும் கண்டுகொள்ள வேண்டியதில்லை. மனிதர்களை எண்ணினால் காரில் 1,080 பேர், பஸ்ஸில் 900 பேர், ஏறக்குறைய 45 சதவீதம். வாகனத் தாமதத்தைக் குறைக்க வடிவமைத்த சிக்னலும், மனிதத் தாமதத்தைக் குறைக்க வடிவமைத்த சிக்னலும் ஒன்றாக இருக்கவே முடியாது. நான் மேலே சொன்ன நம்பகத்தன்மை அளவுகோலைக் கூட்டாட்சி நிர்வாகம் வாகன மைலில் கூட்டாமல் மனித மைலில் (வாகனத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் கடந்த மைல்) கூட்டுவது இந்த வகையில் சரியான முன்னேற்றம்.

கலிபோர்னியா இன்னும் ஒரு படி போனது. 2013இல் இயற்றிய சட்டத்தின்படி, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டில் வாகனத் தாமதத்தை ஒரு பாதிப்பாகக் கருதுவதை நிறுத்திவிட்டு, ஒரு திட்டத்தால் எத்தனை வாகன மைல் கூடுகிறது என்பதைப் பார்க்கும் முறைக்கு அந்த மாநிலம் மாறியது. 2020 ஜூலை முதல் அது மாநிலம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. பழைய அளவுகோலில், நகர நடுவில் ரயில் நிலையத்துக்கு அருகே கட்டும் குடியிருப்பு நெரிசலைக் கூட்டும் குற்றவாளி. ஊருக்கு வெளியே வயல்வெளியில் கட்டும் குடியிருப்புக்குப் பக்கத்துச் சாலைகள் காலியாக இருப்பதால் தப்பித்துவிடும். புதிய அளவுகோலில் இந்தத் தீர்ப்பு தலைகீழாகிறது.

இந்தத் துறையில் அளவுகோல் என்பது அரசியலும்கூட என்பதை மறைக்க முடியாது. நெடுஞ்சாலைகளின் பசுங்குடில் வாயு வெளியேற்றத்துக்கான கூட்டாட்சி அளவுகோல் 2017 ஜனவரியில் விதியானது, 2018இல் நீக்கப்பட்டது, 2023 இறுதியில் மீண்டும் வந்தது, 2024இல் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதிலும் இலக்கை எட்டாவிட்டால் தண்டம் எதுவும் இல்லை. அளந்து சொல்ல வேண்டும் என்பதற்கே இத்தனை போராட்டம்.

பணத்துக்கு வருகிறேன். கூட்டாட்சி விதிப்படி, நான்காண்டுச் செலவுத் திட்டம் இலக்குகளை எட்ட எவ்வாறு உதவும் என்பதை ‘இயன்றவரை’ விவரிக்க வேண்டும். விவரிப்பது வேறு, தேர்ந்தெடுப்பது வேறு. முன்பே முடிவான திட்டங்களின் பட்டியலை எடுத்துவைத்து, ஒவ்வொன்றின் எதிரிலும் ‘பாதுகாப்பு’, ‘நம்பகத்தன்மை’ என்று அடையாளக் குறி போட்டாலும் விதி நிறைவேறிவிடும். கண்துடைப்பு என்று மக்கள் சந்தேகப்படுவது இந்த இடத்தைத்தான், அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது.

பணத்தையும் அளவுகோலையும் உண்மையிலேயே கட்டிப்போட்ட முயற்சிக்கு வர்ஜீனியா மாநிலத்தைச் சொல்வேன். 2014இல் இயற்றிய சட்டத்தின்படி அங்கே உருவான ‘ஸ்மார்ட் ஸ்கேல்’ முறையில், சாலை, பஸ், ரயில், நடைபாதை என எல்லாத் திட்டங்களும் ஒரே போட்டியில் நிற்கின்றன. பாதுகாப்பு, நெரிசல், எளிதில் சென்றடையும் வசதி, பொருளாதார வளர்ச்சி, சுற்றுச்சூழல், நிலப்பயன்பாடு ஆகியவற்றுக்கு மதிப்பெண் உண்டு. நெரிசல் மிகுந்த பெருநகரப் பகுதியில் நெரிசலுக்கு எடை அதிகம், கிராமப் பகுதியில் பாதுகாப்புக்கும் பொருளாதாரத்துக்கும் எடை கூடும். கடைசிப் படிதான் முக்கியம்: கிடைத்த மதிப்பெண்ணை, கேட்கும் பணத்தால் வகுக்கிறார்கள். பல கோடி டாலர் கேட்கும் மேம்பாலத்தைவிட, சில லட்சம் டாலரில் விபத்தைக் குறைக்கும் சந்திப்புச் சீரமைப்பு முன்னுக்கு வர இது வழிசெய்கிறது. உள்ளூர் நிர்வாகங்களும் தங்கள் திட்டங்களைச் சிக்கனமாக வடிவமைக்கப் பழகுகின்றன. மதிப்பெண்கள் பொதுவெளியில் வெளியாகின்றன. இறுதி முடிவு மாநிலப் போக்குவரத்து வாரியத்தின் கையில்தான், ஆனால் குறைந்த மதிப்பெண் பெற்றதை மேலே தூக்கினால் ஏன் என்று சொல்ல வேண்டிய நெருக்கடி வாரியத்துக்கு இருக்கிறது. குறைகளும் உண்டு. மிகப் பெரிய, நீண்டகாலப் பயன் தரும் ரயில் திட்டங்கள் இந்த வகுத்தலில் சிரமப்படும், அவற்றுக்கு வேறு நிதி வழிகள் தேவைப்படுகின்றன.

இலக்கு மாநிலத்துடையது, செலவு நகரத்துடையது என்ற பிளவும் கவனிக்கத்தக்கது. மாநிலம் இலக்கை அறிவித்த 180 நாட்களுக்குள் பெருநகர அமைப்பு தன் இலக்கை வைக்க வேண்டும், அல்லது மாநில இலக்கை ஆதரிப்பதாகச் சொல்லிவிடலாம். ஆதரித்துவிட்டுக் கடந்துபோவது எளிது. ஆனால் மாநில சராசரிக்குள் ஒரு நகரத்தின் ஆபத்தான சாலைகள் மறைந்துவிடும். பாதசாரிகள் அதிகம் இறக்கும் நகரம் தனக்கென இலக்கு வைப்பதே நல்லது என்பேன், வேலை கூடினாலும்.

ஆக, இது அறிக்கை எழுதும் வேலையா என்று நீங்கள் கேட்டதற்கு, எந்த ஊரின் திட்டம் என்று பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். பார்ப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. நீண்டகாலத் திட்டத்தின் முன்னுரையைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். நான்காண்டுச் செலவுத் திட்டத்தைத் திறந்து, அதிகப் பணம் பெறும் பத்துத் திட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இலக்குகளில் எது பின்தங்கியிருக்கிறது என்பதைப் பக்கத்தில் வையுங்கள். பாதசாரி உயிரிழப்பு ஏறிக்கொண்டிருக்க, பணத்தின் பெரும்பகுதி சாலையை அகலப்படுத்தப் போனால் விடை கிடைத்துவிட்டது. அடுத்து, முந்தைய திட்டத்தையும் தேடி எடுங்கள். அதில் முதலிடங்களில் இருந்தவற்றில் ஏதாவது ஒன்று, செயல்திறன் அறிக்கையைப் பார்த்த பிறகு கைவிடப்பட்டதா, தள்ளிவைக்கப்பட்டதா, சிறியதாக மாற்றி வடிவமைக்கப்பட்டதா என்று பாருங்கள். ஒரு சுற்று முழுவதிலும் எந்தத் திட்டமும் இடம் மாறவில்லையென்றால், அந்த ஊரில் தரவு திட்டத்தைத் தொடவில்லை. பொதுக் கருத்துக் கேட்புக்காக வரைவு வெளியிடப்படும்போது, முடிவாவதற்கு முன்பே, இந்த ஒப்பீட்டை எழுத்தில் கொடுக்கலாம். வரும் கருத்துகளைப் பதிவுசெய்து பரிசீலிக்க வேண்டும் என்பது கூட்டாட்சித் திட்டமிடல் விதியிலேயே இருக்கிறது.